அரை மணி நேரத்தில் கறுத்தால் அது மருதாணி இல்லை



இந்த மாதப் பாடம் மருதாணி. "ஆம்பளப் பையனுக்கு மருதாணியைப் பத்தி என்ன தெரியும்?" என்று எங்கள் கிளை அக்காமார்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் எழுத ஒரு காரணம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன தீபாவளிக்கு முன்பு எங்கள் கிளை கோயில் மண்டபத்தில் ஒரு சின்னச் சந்தை நடத்தியது. முறுக்கு, அகல் விளக்கு, கோலமாவு, அப்புறம் ஒரு மருதாணி மேசை. ஒரு கைக்கு ஐந்து வெள்ளி. வசூல், சமய வகுப்புப் பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கு. கோன் வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று பச்சையும் பழுப்பும் கலந்த பசை. "ஆறு மணி நேரம் வைக்கணும்" என்றார் கடைக்காரர். இன்னொன்று கறுப்பு. "தம்பி, இது அரை மணி நேரம் போதும், நல்லா கருகருன்னு பிடிக்கும், விலையும் கம்மி." நான் பொறியியல் படிக்கிறவன் இல்லையா, உடனே மனசுக்குள் கணக்குப் போட்டேன். அரை மணி நேரம், வரிசை சீக்கிரம் நகரும், வசூல் கூடும். கறுப்பையே வாங்கினேன்.

அன்று எல்லாருக்கும் சந்தோஷம். பத்து நாள் கழித்து ஓர் அக்கா வாட்சாப் குழுவில் தன் மகளின் கையைப் படம் எடுத்து அனுப்பினார். ஒன்பது வயதுப் பிள்ளை. நாங்கள் வரைந்த மாங்காய், கொடி, பூ எல்லாம் அப்படியே மேடாக எழும்பி, அதன் மேல் நீர்க்கொப்புளம். கோட்டுக்கு வெளியே ஒன்றுமில்லை. கோட்டின் மேல் மட்டும், அச்சு அடித்தது போல. தோல் மருத்துவர் அந்தக் கோன் பொட்டலத்தைக் கொண்டு வரச் சொன்னார். கொண்டு போனேன். பொட்டலத்தில் மூலப்பொருள் பட்டியலே இல்லை. கொப்புளம் ஆறிவிட்டது. ஆனால் அந்த இடம் வெளுத்து, பூவும் கொடியும் இன்றைக்கும் அவள் கையில் தெரிகிறது.

அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலைக்குள் என்ன இருக்கிறது

மருதாணியை நம் பழைய சொல்லில் மருதோன்றி, அழவணம் என்பார்கள். தாவரவியலில் லாசோனியா இனெர்மிஸ். இந்தப் பெயரை 1753இல் லின்னேயஸ் வைத்தார். அந்தப் பெயரிலிருந்துதான் இலையில் உள்ள சாயத்துக்கு லாசோன் என்ற பெயர் வந்தது. காய்ந்த இலையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான் லாசோன் கிடைக்கும். வெயிலும் வறட்சியும் உள்ள ஊரில் இது கூடும். ராஜஸ்தானில் உள்ள சோஜத் மருதாணிக்குப் பெயர் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நம்ம ஊர் மழையில் வளர்கிற செடி தளதளவென்று இருக்கும், சாயம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். பரவாயில்லை, பாட்டிமார்கள் அதைக் கொண்டே சிவக்க வைத்தார்கள்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? மருதாணி இலையைச் சும்மா கையில் வைத்துக்கொண்டால் சிவக்காது. அரைக்கணும். ஏனென்றால் பச்சை இலையில் சாயம் நேராக இல்லை. ஒரு சர்க்கரை மூலக்கூறோடு ஒட்டிக் கட்டுண்டு கிடக்கிறது. அம்மியில் அரைக்கும்போது இலையின் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் நொதி அந்தச் சர்க்கரையை வெட்டிவிடுகிறது. பிறகு காற்று பட்டதும் லாசோன் உருவாகிறது. புளி, எலுமிச்சை சேர்ப்பதும் இதற்குத்தான். புளிப்பு இந்தப் பிரிவுக்கு உதவுகிறது, வெளியே வந்த சாயம் சீக்கிரம் கெடாமலும் வைத்திருக்கிறது. கொட்டைப்பாக்கு, தேயிலைச் சாறு சேர்ப்பார்கள். அவற்றின் துவர்ப்பு நிறத்தை ஆழமாக்கும் என்பது நம்பிக்கை. என் பாட்டிக்கு நொதி என்ற சொல் தெரியாது. ஆனால் "நல்லா மையா அரைக்கலன்னா புடிக்காதுடா" என்பது தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

கையில் என்ன நடக்கிறது

நம் தோலின் மேல் அடுக்கு செத்த செல்களால் ஆனது. அதில் நிறைந்திருப்பது கெரட்டின் என்ற புரதம். லாசோன் சின்ன மூலக்கூறு, எடை 174தான். அது ஈரத்தோடு மெதுவாக அந்த அடுக்குக்குள் ஊறிப் போய்க் கெரட்டினோடு பிணைந்துகொள்கிறது. மேலே பூசிய பெயின்ட் மாதிரி இல்லை, துணிக்குச் சாயம் தோய்த்த மாதிரி. அதனால்தான் சோப்புப் போட்டாலும் போகாது. செத்த தோல் தானாக உதிரும்போதுதான் ஒன்று முதல் மூன்று வாரத்தில் மங்கும். நகமும் கெரட்டின்தான். ஆனால் அது உதிராது, வளர வளர வெட்டத்தான் வேண்டும். தீபாவளிக்கு இட்ட நகத்தின் நுனி பொங்கல் வரைக்கும் சிவப்பாக இருப்பது இதனால்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்த மேல் அடுக்கு மிகத் தடிமன். சாயம் பிடிக்க நிறைய இடம். புறங்கையில் மெல்லியது, முழங்கை பக்கம் போகப் போக இன்னும் வெளிறும். ஒரே பசை, ஒரே கை, இரண்டு நிறம். ஆகவே "ரொம்பச் சிவந்தா மாமியாருக்கு உன் மேல பாசம்" என்று கேலி பேசுவதெல்லாம் கல்யாண வீட்டுச் சந்தோஷத்துக்கு இருக்கட்டும். மாமியாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லீங்க. தோலின் தடிமன், சூடு, நேரம் இந்த மூன்றும்தான்.

இதில் நேரம்தான் முக்கியம். பசையை எடுத்ததும் தெரிவது ஆரஞ்சு நிறம். பலர் அதைப் பார்த்ததும் "பிடிக்கலையே" என்று ஏமாந்து போகிறார்கள். பொறுங்கள். அடுத்த ஒரு நாள், இரண்டு நாளில் காற்றுப் பட்டு அது தானாகவே அடர்ந்து, செம்பழுப்பாகும். எந்த அசல் மருதாணியும் இந்த வழியில்தான் போயாக வேண்டும். முதலில் ஆரஞ்சு, பிறகு சிவப்பு, பிறகு பழுப்பு. அரை மணி நேரத்தில் மை போலக் கறுப்பது இந்த இலைக்கு முடியாத காரியம். நான் அன்று கடையில் நின்றபோது இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும்.

அப்படியானால் அந்தக் கறுப்பு என்ன

பெரும்பாலும் பாரா-ஃபினைலின்டையமின் என்ற வேதிப்பொருள். சுருக்கமாக பிபிடி. நரைக்குப் போடும் கறுப்புச் சாயத்தில் இருப்பது இதுதான். ஐரோப்பிய விதிப்படி தலைமுடிச் சாயத்தில், கலந்து தடவும் நேரத்தில் அதிகபட்சம் 2 சதவீதம்தான் இருக்கலாம். மலேசியாவும் சிங்கப்பூரும் பின்பற்றும் ஆசியான் ஒப்பனைப் பொருள் விதிகளிலும் இது முடிக்கு மட்டும்தான், தோலில் வரைவதற்கு இல்லை. ஆனால் வெளிநாடுகளில் 'கறுப்பு ஹென்னா' மாதிரிகளைச் சோதித்தபோது 15 சதவீதத்துக்கு மேலும் பிபிடி இருந்ததாகக் கண்டிருக்கிறார்கள். முடிக்கே இரண்டு என்றால், பிள்ளையின் தோலில் பதினைந்து! அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2006ஆம் ஆண்டின் 'ஒவ்வாமைப் பொருள்' என்று பிபிடியையே தேர்ந்தெடுத்தது. அப்படி ஒரு பட்டம்கூட இருக்கிறது பாருங்க.

இது உடனே எரிக்காது. அதுதான் இதன் தந்திரம். முதல் தடவை தோலில் படும்போது உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அதை 'எதிரி' என்று படித்து மனப்பாடம் செய்துகொள்கின்றன. அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். எங்கள் பிள்ளைக்குப் பத்தாம் நாள் கொப்புளித்தது இதனால்தான். மறுபடி பட்டால் இரண்டு மூன்று நாளிலேயே, இன்னும் கடுமையாக வரும். ஆகவே "கொஞ்சம் தடவிப் பார்த்தோம், மறுநாள் ஒண்ணும் ஆகல" என்ற சோதனை இங்கே எடுபடாது.

இன்னொன்று. மனப்பாடம் செய்ததை உடம்பு மறப்பதில்லை, வாழ்நாள் முழுக்க. அந்தப் பிள்ளை வளர்ந்து தலைக்குச் சாயம் போட்டால் முகம் வீங்கலாம். பிபிடியைப் போலவே உருவமைப்புள்ள சில துணிச் சாயங்கள், பென்சோகைன் போன்ற சில மரத்துப்போகும் மருந்துகள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பல் மருத்துவரிடம் போனாலும் இதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று மருத்துவர் அந்த அக்காவிடம் எழுதியே கொடுத்தார்.

தலைமுடிக்கு மருதாணியோடு அவுரி சேர்த்துக் கறுப்பாக்குவது வேறு சங்கதி, அது இலைதான். ஆனால் 'பிளாக் ஹென்னா' என்று விற்கும் முடிப் பொடிகள் பலவற்றிலும் பிபிடி உண்டு. பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். பச்சைநிறக் கோன் என்றாலே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில் கடை அலமாரியில் வெளியே தொங்கியும் கெடாமல் இருக்கும் கோனில் வேறு ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அசல் பசை வெளியே வைத்தால் ஓரிரு நாளில் சாயம் செத்துவிடும்.

ஜி6பிடி: நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி

பெயர் பிபிடி போலவே ஒலிக்கிறது, ஆனால் இது முற்றிலும் வேறு. இதில் கலப்படம் இல்லாத சுத்தமான மருதாணியும் ஆபத்து. அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள், ஏனென்றால் நம் வட்டாரத்தில் இது அரிதல்ல. குறைபாடு உள்ள பிள்ளை என்றால் அலமாரியில் பாச்சை உருண்டை போடாதீர்கள் என்று தாதி சொல்லி அனுப்புவார். அந்த உருண்டையில் உள்ள நாஃப்தலீன் உடம்புக்குள் போய் நாஃப்தோகுவினோன் என்ற வகைப் பொருளாக மாறிச் சிவப்பணுக்களை உடைக்கும். இப்போது லாசோனின் வேதிப்பெயரைப் பாருங்கள்: 2-ஹைட்ராக்ஸி-1,4-நாஃப்தோகுவினோன். அதே குடும்பம்! ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு உடம்பில் மருதாணி பூசியபின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலையும் கடுமையான சோகையும் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழந்தையின் தோல் மெல்லியது, உடம்பு சின்னது, ஆகவே உள்ளே போகும் அளவு அதிகம்.

இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும். "பையனுக்கும் ஆசைக்கு ஒரு பொட்டு வை" என்று தொட்டில் குழந்தையைத் தூக்கி வருகிற வீட்டில், முதலில் பிறப்புச் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைபாடு என்று எழுதியிருந்தால் ஒரு பொட்டுகூட வேண்டாம், எந்த வயதிலும். குறைபாடு இல்லாவிட்டாலும் கைக்குழந்தைக்கு மருதாணி தேவையில்லை என்பது என் கருத்து. பாட்டி கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். மருதாணி பூசியபின் யாருக்காவது சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்காராமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டிலேயே செய்வோம்

செடி இருந்தால் இளந்தளிராகப் பறித்து அரைப்பதுதான் எளிது. எஸ்டேட்டில் லயத்து வீட்டு வாசலில் மருதாணிச் செடி நின்ற காலம் உண்டு. இப்போது தாமான் வீட்டில் இடமில்லை என்கிறோம். ஒரு கொம்பை ஒடித்து வெயில் படும் இடத்தில் பூச்சட்டியில் ஊன்றினாலே வேர் விடும். ஒருமுறை முயன்று பாருங்கள். அரைத்த இலையைக் கொண்டு கோடு இழுக்க முடியாது. விரல் நுனிக்குத் தொப்பி, உள்ளங்கையில் ஒரு வட்ட நிலா, சுற்றிப் பொட்டுகள்: நம் தமிழ் வீட்டு மருதாணி அதுதான். நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் கல்யாணத்தில் மணமக்களுக்கு விரல் நுனியில் இடும் இனாய்கூட இதே இலை, இதே தொப்பி. கொடியும் மயிலுமாகக் கை நிறைய வரைவது வடக்கிலிருந்து கோனோடு வந்த பழக்கம். அதுவும் அழகுதான், அதற்குப் பொடி வேண்டும்.

பொடி வாங்கும்போது, மூலப்பொருள் என்ற இடத்தில் மருதாணி இலை ஒன்று மட்டும் இருக்க வேண்டும். நிறம் மங்கிய பச்சையாக, வாசம் காய்ந்த புல் போல இருக்கும். கிளிப்பச்சையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சிறிது பொடியைத் தண்ணீரில் குழைத்து டிஷ்யூ மேல் வையுங்கள். பச்சைத் தண்ணீர் உடனே வட்டமாகப் பரவினால் சாயம் கலந்திருக்கிறார்கள்.

25 கிராம் பொடிக்கு வடிகட்டிய எலுமிச்சைச் சாறு சுமார் 60 மில்லி. கெட்டியாக இருந்தால் ஆறிய தேயிலைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். உருளைக்கிழங்கு மசியல் பதத்தில் குழைத்து, மேல்பரப்பில் காற்றுப் படாதபடி பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி, நம்ம ஊர்ச் சூட்டில் அப்படியே எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். குளிர்சாதன அறையில் வைத்தால் ஒரு நாளும் ஆகலாம். மேலே பழுப்பு படர்ந்து உள்ளே பச்சையாக இருந்தால் சாயம் இறங்கிவிட்டது. சந்தேகம் இருந்தால் உள்ளங்கையில் ஒரு துளி வைத்து ஐந்து நிமிடத்தில் துடையுங்கள். ஆரஞ்சு தெரிய வேண்டும். அதன் பிறகு இரண்டு சிறு கரண்டிச் சீனி. இது பசை காய்ந்து உதிராமல் ஒட்டிப் பிடிக்க. விரும்பினால் ஒரு சிறு கரண்டி சுத்தமான நீலகிரித் தைலம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தைலம் சேர்க்காமல் கலக்குங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தயிர் பதத்துக்கு வந்ததும் பழைய நைலான் காலுறையில் போட்டுப் பிழிந்து வடிகட்டுங்கள். இந்த வேலையைத் தவிர்த்தால் நடு மயிலில் கோன் அடைத்துக்கொள்ளும். எனக்கு மூன்று முறை அடைத்தது. பூக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் கண்ணாடித் தாளைச் சுருட்டி ஒட்டினால் கோன். நுனியை ஊசி முனை அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் திருப்பிச் சின்னதாக்க முடியாது.

கையைக் கழுவித் துடைத்து, எண்ணெய் இல்லாமல் வைத்துக்கொண்டு வரையுங்கள். காயம், சிரங்கு உள்ள இடத்தில் வேண்டாம். காய ஆரம்பித்ததும் எலுமிச்சையும் சீனியும் கலந்த நீரைப் பஞ்சால் ஒற்றுங்கள். ஒற்றியதும் கையை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் தோல் கருகும். ஆறு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க வையுங்கள். எடுக்கும்போது தண்ணீர் வேண்டாம், கரண்டியின் பின்பக்கத்தால் சுரண்டி எடுத்து நல்லெண்ணெய் தடவுங்கள். அரை நாளாவது தண்ணீர் படாமல் பாருங்கள். தட்டில் கிராம்பைச் சூடாக்கி ஆவி காட்டுவார்கள். அந்தச் சூடு உதவும். கிராம்பு எண்ணெயை நேராகத் தடவுவது வேறு, எரிந்துவிடும். கோடாரித் தைலம் பூசுகிறவர்களும் உண்டு. பெரியவர்கள் செய்துகொள்ளட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எப்போது இடுவது? நிறம் முழுதாக வர இரண்டு நாள் ஆகும் என்பதால் தீபாவளிக்கு இரண்டு இரவுகளுக்கு முன்பு. முந்தின இரவு இட்டால் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கை இன்னும் ஆரஞ்சாகத்தான் இருக்கும். முந்தின இரவு வீட்டில் பலகாரம் சுடுகிற வேலையும் இருக்கும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா சும்மா விடமாட்டார். மிச்சப் பசையைக் கோனோடு ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஒருமுறை உருகியதை மறுபடி மறுபடி உறைய வைக்காதீர்கள்.

எங்கள் கிளையில் இந்த ஆண்டும் மருதாணி மேசை உண்டு. கோன் கடையில் வாங்குவதில்லை, முந்தின நாளே மண்டபத்துச் சமையலறையில் நாங்களே கலக்குகிறோம். வரைந்து, பசையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், கூடவே எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதிய சீட்டு. மேசையில் உட்காரும்போதே வயது, ஜி6பிடி, முன்பு சாயம் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்ற மூன்றும் கேட்போம். வரிசை மெதுவாகத்தான் நகரும். பொருளாளர் முகம் சுளிக்கிறார்.

அந்தப் பிள்ளைக்கு அசல் மருதாணி இடலாமா என்று அவள் அம்மா மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை நாங்கள் அவள் கையைத் தொடப்போவதில்லை. இந்த முறை கோலப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.